முதல் தடவை வந்த பழைய ஆள்

என் அத்தானுக்கு லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் வேலை. குணம் தங்கம், அந்தத் தங்கம் தினமும் சாயங்காலம் போய் ஊறுகிற இடம்தான் சரியில்லை. திரும்பி வரும்போது காலும் நாக்கும் அவர் சொன்ன பேச்சைக் கேட்காது. மறுநாள் விசாரித்தால், நேற்று என்று ஒன்று இருந்ததே தெரியாதவர் மாதிரி விழிப்பார். சுத்த நடிப்பு என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அவர் மகள் பத்தாவது படிக்கிறாள். போன வாரம் அவள் என்னிடம், "மாமா, நான் உங்க வீட்லயே தங்கிப் படிக்கட்டுமா?" என்றாள். ஏன் என்று கேட்டதும் பேச்சைப் பரீட்சைக்கு மாற்றினாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வந்து கூட்டிப்போகிறேன் என்றேன். விஷயம் தெரிந்து அத்தான் ஆடிப்போனார். அந்த ஞாயிறு மதியமே என்னைத் தேடிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். வாயில் வாடை இல்லை.

"மாப்ள, குடிய விடறவங்க கூட்டம்னு ஏதோ இருக்காமே. எங்கன்னு பாத்துச் சொல்லு. அவ கெளம்பறதுக்குள்ள ஒரு தடவையாவது போயிடறேன்."

ஃபோனில் தேடினேன். மெத்தைக் கடைக் குடோன் ஒன்றின் மாடியில் சாயங்காலம் கூடுகிறார்கள் என்று போட்டிருந்தது. இரண்டு பேரும் கிளம்பினோம். நான் ஃபோனை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டு சந்து முனையில் நின்றால், அத்தான் பாட்டுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

"வழி தெரியுமா அத்தான்?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார், நடையை நிறுத்தாமல்.

குடோன் உள்ளே அரையிருட்டு. பிளாஸ்டிக் சுற்றிய மெத்தைகள் ஆள் உயரத்துக்கு வரிசையாக நின்றன. எங்கள் காலடிச் சத்தத்தை அவை அப்படியே விழுங்கின. மாடிப்படியில் ஒரு பலகை உடைந்து கிடந்தது. நான் தடுக்கி முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் ஏறியவர் குனிந்துகூடப் பார்க்காமல் அதைத் தாண்டிப் போயிருந்தார்.

மாடி அறையில் சிலர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தும் தையற்கார அம்மா எழுந்து வந்தார்.

"வாங்கண்ணே. இன்னைக்குத் தெளிவா வந்திருக்கீங்க."

அத்தான் திரும்பி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"நான் முதல் தடவையா வரேன்மா," என்றார்.

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தாண்ணே சொல்றீங்க."

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் எழுந்து கதவோரம் இருந்த நாற்காலியை அவருக்காக நகர்த்திப் போட்டார். இன்னொருவர் டீ கொடுத்தார், சர்க்கரை இல்லாமல். அத்தான் சர்க்கரை சேர்க்கமாட்டார் என்பது எங்கள் வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும். ஒரு வாய் குடித்ததும் அவர் முகம் வெளுத்தது. எத்தனையோ சாயங்காலம் இவர் எங்கேயோ சாக்கடையோரம் கிடக்கிறார் என்று நாங்கள் திட்டிக்கொண்டிருக்க, மனுஷன் போதையிலேயே இங்கே வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார். தெளிந்ததும் துடைத்துவிட்ட மாதிரி மறந்திருக்கிறார்.

"நான் இங்க என்ன சொன்னேன்?" என்றார்.

தையற்கார அம்மா மறுப்பாகத் தலையாட்டினார். "இங்க ஒருத்தர் சொன்னத நாங்க திருப்பிச் சொல்றதில்லண்ணே. சொன்னவங்ககிட்டயும் கிடையாது. அப்படி ஒரு கட்டுப்பாடு."

"நான் சொன்னதம்மா! எனக்கே தெரியக்கூடாதா?"

"தெரியணும். ஆனா எங்ககிட்டேர்ந்து இல்ல. நீங்க சொன்னது நடந்த அன்னைக்கு உங்ககூட யாரு இருந்தாங்களோ, அவங்ககிட்ட கேளுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது என்ன கட்டுப்பாடு, மனுஷனைச் சித்திரவதை செய்துகொண்டு? ஆனால் வட்டத்தில் இருந்த ஒவ்வொரு முகமும் அவரை அப்படிப் பரிதாபமாகப் பார்த்தது. கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கே பயமாகிவிட்டது.

கூட்டம் முடிந்து அத்தான் வீட்டுக்கு வந்தோம். அக்கா சமையலறையில் இருந்தாள். மகள் மேஜையில் புத்தகங்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். அத்தான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நான் உன்னை என்னம்மா பண்ணேன்?"

அவள் கையிலிருந்த புத்தகத்தை மேஜையில் வைத்தாள். பிறகு, பாடம் ஒப்பிக்கிற குரலில் சொன்னாள்.

"ஒருநாள் ராத்திரி நீங்க வேலை பாக்கற இடத்துக்குச் சாப்பாடு கொண்டு வந்தேன். லிஃப்ட் பாதியில நின்னுடுச்சு. ஒரே இருட்டு. கத்தினேன். நீங்க குடிச்சிருந்தீங்க. மேல கதவைக் கொஞ்சமா விலக்கி, யாருன்னு கேட்டீங்க. நான்தாம்பான்னேன். 'என் பொண்ணு வீட்ல இருக்கா, நீ யாரு'ன்னு கேட்டீங்க. திரும்பத் திரும்ப அதையே கேட்டீங்க. அப்புறம் கதவைச் சாத்திட்டுப் போயிட்டீங்க. ரொம்ப நேரம் கழிச்சு வாட்ச்மேன்தான் தெறந்து விட்டாரு."

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இவள் லிஃப்டை விட்டுவிட்டு ஐந்து மாடியும் படியேறி வருவாள். உடம்பு குறைக்கிறாள் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

அத்தான் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். தரையில் கையை ஊன்றிக்கொண்டு, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு."

"சொல்லு. இப்பத் தெளிவா இருக்கேன். மறக்கமாட்டேன்."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, நீங்க போங்க. நான் இப்ப வரல. எல்லாத்தையும் சொல்லி முடிக்க நாளாகும்."