அவர் மாத்திரையை நான் விழுங்கிய காலம்

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் பார்த்ததை மறக்கிறவள் இல்லை.

பாயான் பாருவில் தொழிற்சாலைகள் வந்த புதிது. என் வீட்டுக்காரருக்கு அங்கே வேலை. கல்யாணமாகி வெகுநாளாகியும் எங்களுக்குக் குழந்தையில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர் இருவரையும் சோதித்துவிட்டு, என்னிடம் குறையில்லை, இவருக்குத்தான் உயிரணு குறைவு என்றார். மறுபடி வந்து காட்டச் சொன்னார். வெளியே வந்ததும் இவர், "அம்மாகிட்ட சொல்லிடாதலா" என்றார். சரி என்றேன். இவர் மானம் என் மானம் என்று நினைத்த காலம் அது.

ஆஸ்பத்திரிக்குப் பதில் சூலியா தெரு மருந்துக்கடைக்குப் போனார். கோதுமை முளை எண்ணெய் அடைத்த மாத்திரை ஒரு போத்தல் வாங்கிவந்தார். செடிகொடியில் எடுத்தது, கெடுதலில்லை, உயிரணு கெட்டுப்போகாமல் காக்கும் என்று கடைக்காரர் சொன்னாராம். தேன் நிறத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் எந்த மருந்து வந்தாலும் மாமியார் கைக்குத்தான் போகும். காலையில் சாமிவிளக்கு ஏற்றிவிட்டு, சுடுபாலோடு அவர்தான் எடுத்துக் கொடுப்பார்.

"யாருக்குடா இது?"

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிள்ள உண்டாகறதுக்கும்மா" என்றார்.

மாமியார் அதற்குமேல் கேட்கவில்லை. மறுநாள் மாத்திரை என் முன்னால் வந்தது.

"வாய தொற பிள்ள."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சப்பாத்துக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். விழுங்கினேன்.

போத்தல் தீரத் தீர அடுத்தது வந்தது. மாமியாரின் தங்கை வந்தால் என் வயிற்றையே பார்ப்பார். "கோழிக்கு இவ்ளோ தீனி போட்டிருந்தா இந்நேரம் கூடை கூடையா முட்டை வெச்சிருக்கும்க்கா!" இருவரும் சிரிப்பார்கள். பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் அலமாரியில் புது வளையல்கள் இருந்தன. என் கைக்கு நுழையாத அளவு.

கடல் தாண்டி அக்கரையில், கெப்பாலா பத்தாஸில் இவருக்கு இன்னொரு பெண் தேடிவிட்டார்கள். அப்போதெல்லாம் இரண்டாவது கட்டுவதைத் தடுக்கச் சட்டம் வரவில்லை.

"இப்பவாச்சும் சொல்லிடுங்க" என்றேன் இவரிடம்.

"பாத்துட்டு வரத்தானே போறோம்" என்றார்.

மூத்தவளுக்குச் சம்மதம் என்று காட்ட என்னையும் கூட்டிப்போனார்கள். அக்கரைக்கு ஃபெரியில் ஏறினோம். மாமியாருக்குத் தெரியாமல் எடுத்த மாத்திரைப் போத்தல் என் கைப்பையில் இருந்தது.

அந்தப் பெண் காப்பி கொண்டுவந்தாள். சின்னப் பெண். அவள் பிடித்த தட்டில் கிண்ணங்கள் கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. மாமியார், "இவளுக்கு நாங்க செய்யாத வைத்தியமில்ல..." என்று ஆரம்பித்தார். இவர் வாயைத் திறப்பார் என்று காத்திருந்தேன். இவர் காப்பியை ஊதிக்கொண்டிருந்தார்.

போத்தலை எடுத்து அவள் தட்டில் வைத்தேன்.

"தங்கச்சி, டாக்டர் குறை சொன்னது இவருக்கு. மருந்து வாங்கினதும் இவருக்கு. முழுங்கினது நான். இனிமே நீ முழுங்கணும்."

கிணுகிணுப்பு நின்றது. பெண்ணின் அப்பா எழுந்து, போத்தலை எடுத்து என் மாமியார் கையில் கொடுத்தார். "ஃபெரி போயிரும்மா. கெளம்புங்க."

மறுநாள் விளக்கேற்றிவிட்டு மாமியார் சுடுபாலோடு வந்தார். என்னைத் தாண்டிப்போய் மகன் முன்னால் நின்றார்.

"வாய தொறடா."

இவர் திறக்கவில்லை. பாலில் ஆடை கட்டியது. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார்.

ஆஸ்பத்திரிக்கு இவர் திரும்பப் போகவேயில்லை. மாமியார் கண்மூடும்வரை தினமும் ஒரு மாத்திரையை இவர் தட்டோரம் வைத்தார். சாயங்காலம் நான் அதை எடுத்துத் திரும்பப் போத்தலுக்குள் போடுவேன். அந்தப் போத்தல் அதற்குப் பிறகு குறையவேயில்லை.