ஜூலியா டீச்சர் நடத்திய மீன் பாடம்

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் ஜூலியா டீச்சர் தான் தங்கியிருக்கும் அறையைப் பூட்டுவார். தோளில் ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு நடப்பார். கள்ளக்குறிச்சி வண்டி நாலரைக்கு வரும். மலையிலிருந்து இறங்குகிறவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடும். அது வளைவில் மறைந்ததும் டீச்சர் அதே பையோடு திரும்பி வந்து பூட்டைத் திறப்பார். எப்போதாவது ஒரு வாரம் ஏறிப் போவதும் உண்டு. பெரும்பாலும் திரும்பித்தான் வருவார். ஐந்து வருடமாக இதைப் பார்க்கிறேன். ஏன் என்று கேட்டதில்லை. எனக்கு அப்படியெல்லாம் கேட்க வராது.

கல்வராயன் மலையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் சத்துணவு சமைக்கிறேன். நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டவள். சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து அரிசி பொறுக்கினால் வகுப்பறை முழுக்கத் தெரியும். பெரிய வயதில் நான் தெரிந்துகொண்டதெல்லாம் அங்கிருந்து கேட்டதுதான்.

டீச்சருக்கு மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் ஒரு ஊர். அவர் அப்பா சிங்கராயர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து, டீச்சர் படித்துக்கொண்டிருந்தபோதே இறந்துவிட்டார். தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணம் செய்து பெங்களூருக்கு அனுப்பியது டீச்சர்தான். அதற்குள் தன் கல்யாணத்துக்கு வயது தாண்டிவிட்டது. பதினாலு வருடத்துக்கு முன்னால் மலைக்கு மாற்றலாகி வந்தார். அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வண்டியைத் தவறவிடவே மாட்டார். அம்மா இஞ்ஞாசியம்மாள் அங்கே காத்துக்கொண்டிருப்பார். ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்த அம்மாவும் போய்விட்டார்.

ஒருமுறை குழாயடியில் டிபன் டப்பா கழுவும்போது டீச்சரே சொன்னார்: "அங்க போனாலும் பூட்டத்தான் தொறக்கணும் ஆயம்மா. இங்கயும் பூட்டத்தான் தொறக்கணும். இதுன்னா மலை எறங்கத் தேவல." சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கார்த்திகையில் அந்த மீன் பாடம் நடந்தது. யாரோ பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பிய சார்ட் வந்திருந்தது. பட்டாம்பூச்சி, தவளை, கொசு, கடைசியில் ஒரு மீன். ஒவ்வொன்றும் எப்படிப் பிறந்து வளர்ந்து சாகிறது என்று வட்டமாகப் படம். முதல் மூன்றும் பிள்ளைகளுக்குத் தெரிந்தவை. மீனில்தான் நின்றார்கள்.

"இன்னா மீனு டீச்சர் இது, கெண்டையா?" என்றான் கவியரசன். ஐந்தாவது படிப்பவன், வாய் ஜாஸ்தி.

"சால்மன்."

"நம்ம ஆத்துல கெடைக்குமா?"

"இங்க இல்லடா. குளுரு நாட்டுல இருக்கு. நானும் பாத்ததில்ல." டீச்சர் சார்ட்டைப் பார்த்துச் சொன்னார்: "மலையில ஒரு சின்ன ஓடையில பொறக்கும். ஆத்தோட எறங்கி கடலுக்குப் போய்டும். ரெண்டு மூணு வருசம் அங்கயே சுத்திக்கினு இருக்கும். முட்டை போடற காலம் வந்தா, பொறந்த அதே ஓடையத் தேடிக்கினு மலையேறி வந்துடும்."

பிள்ளைகளுக்கு ஒன்றும் ஏறவில்லை. கடலை அவர்கள் பார்த்ததில்லை. டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"உங்க அப்பா அம்மால்லாம் காப்பிக் காட்டுக்குப் போறாங்க இல்ல? எவ்ளோ தூரம் அது? ஆனா பொங்கலுக்கு கரெக்டா நம்ம ஊருக்கு வந்துடறாங்க இல்ல? அது மாதிரிதான் இந்த மீனும்."

உடனே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. தீபாவளி முடிந்ததும் எங்கள் ஊரில் பாதி வீடு குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்விடும். பத்தொன்பது பிள்ளைகளில் பன்னிரண்டு பேருக்கு அம்மாவோ அப்பாவோ அங்கேதான்.

"வழி எப்பிடி டீச்சர் தெரியும்? பஸ்சுல போர்டு பாக்குமா?"

"மோந்து பாத்தே வந்துடும். அது பொறந்த தண்ணியோட வாசன அதுக்கு மறக்காது."

சாப்பாட்டுக்குப் பிறகு டீச்சர் அதையே விளையாட்டாக நடத்தினார். சமையல்கட்டின் மூன்று படிகள்தான் அருவி. முட்டைக்கு நான் ஒரு கை மஞ்சாடி விதை கொடுத்தேன். கவியரசன் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, அருவியில் மீன் பிடிக்கும் கரடியாகப் படியில் நின்றான். அம்மா மீனாக எழில்மதி. நாலாவது படிக்கிறவள், ஒல்லியாக இருப்பாள். கரடியின் கைக்கு அடியில் நுழைந்து மூன்று படியும் தாவி, சிவப்பு விதைகளைச் சரளையில் புதைத்துவிட்டு மூச்சு வாங்க நின்றாள்.

"இப்ப படுத்துக்கோ" என்றார் டீச்சர்.

"ஏன் டீச்சர்?"

"முட்ட போட்டதும் அம்மா மீனு செத்துடும். வந்த களைப்பு. குஞ்சுங்கள அது பாக்கறதே இல்ல."

எழில்மதி படுத்துக்கொண்டாள். "ஏய், நீ செத்துட்ட. கண்ணத் தொறந்த, அவ்ளோதான்" என்று கரடி அதட்டியது.

அவள் கண்ணை மூடியபடியே கேட்டாள்: "அப்ப குஞ்சுங்கள யாரு டீச்சர் பாத்துக்குவாங்க?"

"அதுங்களா வளந்துக்கும்."

"மாமா வூட்ல உடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். நானும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். எழில்மதி மாமா வீட்டில்தான் இருந்தாள். அவள் அம்மா ஜீவா குடகில் இருந்தாள்.

அடுத்த புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் ஜீவா வழக்கம்போல என் போனுக்குக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்து மேட்டில்தான் எங்களுக்கு டவர் கிடைக்கும். எழில்மதி போனை வாங்கி, "ம்மா, பொங்கலுக்கு நீ வராத" என்றாள். அந்தப் பக்கம் என்னவோ கேட்டது. "வராதன்னா வராத. வந்தீன்னா பேச மாட்டேன்." போனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிட்டாள்.

"இன்னாக்கா சொல்லுது பாப்பா?" என்றாள் ஜீவா.

"தெரியலம்மா" என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

அப்புறம் ஜீவா எத்தனை முறை கூப்பிட்டும் எழில்மதி போனைத் தொடவில்லை. பொங்கல் வந்தது. காப்பிக் காட்டிலிருந்து நாலு வேன் வந்து இறங்கியது. ஜீவா வரவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று எழில்மதி இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள். "எங்கம்மா வரலயே" என்று மற்ற பெண்களிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அது என்னவோ போல இருந்தது. தட்டு கழுவ வந்தவளைக் கேட்டேன்.

"வந்தா செத்துடும் அத்த. டீச்சர் சொன்னாங்க இல்ல, பொறந்த ஊருக்கு வந்ததும் செத்துடும்னு. எங்கப்பா அப்பிடித்தான?"

கையில் இருந்த கரண்டியோடு நின்றேன். அதற்கு மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் அப்பா கொளஞ்சியப்பன் குடகிலிருந்து பொங்கலுக்கு வந்தார். வந்த ஆறாம் நாள் காய்ச்சலில் இறந்துபோனார். அந்த வீட்டுச் சாவுக்கு நானும் டீச்சரும் சேர்ந்துதான் போனோம்.

டீச்சரிடம் இதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. சொன்னதும் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "நானா ஆயம்மா அத சொன்னேன்? காப்பிக் காடுன்னு நானாத்தான் சொன்னேன், இல்ல?" என்றார்.

எழில்மதியைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துப் பேசினார். மனுஷங்க வேற, மீனு வேற. அப்பாவுக்கு வந்தது காய்ச்சல். எவ்வளவோ பேர் வந்துபோகிறார்களே. அவள் எல்லாவற்றுக்கும் "சரிங்க டீச்சர்" என்றாள். "அப்ப அம்மாவ வரச் சொல்லட்டுமா?" என்று கேட்டபோது மட்டும், "வேணாங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் என் போனில் ஜீவாவிடம் பேசினார். ஜீவா நம்பவில்லை. "ஒரு மீன வெச்சிக்கினு பெத்த அம்மாவ வேணாங்குமா டீச்சர்? அதுக்கு மாமன் வூடு ஒட்டிக்கிச்சி. நல்லா இருக்கட்டும். நான் இங்கயே இருந்துக்கறேன்." மறுநாளிலிருந்து அவள் போன் அணைத்தே இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை டீச்சர், தலைமையாசிரியர் கந்தசாமி சாரிடம் திங்கட்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்தார். எழில்மதியின் மாமன் வெற்றிவேலிடம் தோட்டத்தின் பெயரையும் மேஸ்திரி நம்பரையும் வாங்கி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். நாலரை வண்டி வந்தது. ஏறிவிட்டார். கள்ளக்குறிச்சி, சேலம், மைசூர், மடிக்கேரி, அதற்கப்புறம் ஜீப். பெங்களூரில் இருக்கும் தம்பி வீட்டுக்குக்கூட அவர் தனியாகப் போனதில்லை. அங்கே என்ன பேசினார், எப்படிக் கூட்டி வந்தார் என்று இதுவரை சொன்னதில்லை.

திங்கட்கிழமை மதிய வண்டியில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். எழில்மதி அம்மாவைப் பார்த்ததும் என் சாமான் அறைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். "போம்மா, போய்டும்மா" என்று உள்ளேயிருந்து கத்தினாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் ஜீவாவுக்கு டீச்சர் சொன்னதெல்லாம் உண்மை என்று தெரிந்தது. கதவில் தலையை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஒரு வழியாகக் கதவு திறந்தது. ஆனால் எழில்மதி கிட்டே வரவில்லை. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்காத ஜீவா, சோறு சாப்பிட்ட கையோடு வராண்டாவிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். அப்போதுதான் எழில்மதி மெல்லப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் அம்மாவின் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தாள். மணி அடித்தும் வகுப்புக்கு எழுந்து போகவில்லை. டீச்சர் கூப்பிடவும் இல்லை. வகுப்பறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஜீவா கண் விழித்தாள். ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்கக் குடித்தாள். பிறகு மகளின் தலையைப் பிடித்து இழுத்து, "இன்னாடி தல இது, பேனு மேஞ்சிக்கினு கெடக்குது" என்று வைதாள். எழில்மதி அப்போதுதான் அழுதாள்.

ஜீவா பத்து நாள் இருந்தாள். ஆறாம் நாள் தாண்டியதும் எழில்மதி மறுபடி விளையாட வந்தாள். பதினோராம் நாள் ஜீவா பள்ளிக்கு வந்து, பாப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னாள்.

"அங்க கன்னடத்துலதான் ஜீவா சொல்லிக் குடுப்பாங்க. இவ நல்லா படிக்கிற புள்ள" என்றார் டீச்சர். "பரிச்ச முடியட்டும். அது வரைக்கும் என் ரூம்ல வெச்சிப் பாத்துக்கறேன். நீ தெனமும் பேசு."

"நீங்க வந்து கூட்டாராட்டி எனக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது டீச்சர். ரெண்டு மாசம், இது மனசுல இன்னா ஓடிக்கினு இருந்திச்சின்னு பெத்தவளுக்குத் தெரியல. இன்னோரு தபா தெரியாமப் போச்சின்னா?"

டீச்சர் உள்ளே போய், அங்கே ஏதாவது பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழில்மதி, "அங்க மதியம் சோறு போடுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். "போடுவாங்க" என்றார். அவருக்கு அது தெரியாது என்று எனக்குத் தெரியும்.

அன்று மாலை டீச்சர் அறையில் விளக்கு எரியவில்லை. ஒரு டம்ளர் டீ போட்டு எடுத்துப் போனேன். வாங்கி வைத்துக்கொண்டார். டீ ஆறிப்போனது.

அடுத்த வருடக் கார்த்திகையிலும் அந்தப் பாடம் வந்தது. டீச்சர் விடாமல் நடத்தினார். மீன் கடலுக்குப் போவதையும், மலையேறித் திரும்புவதையும், முட்டை போட்டுச் சாவதையும் சொன்னார். காப்பிக் காட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்குச் சரியாகப் புரிந்ததாகத் தெரியவில்லை.

எழில்மதி போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்தப் பொங்கலுக்கும் அவர்கள் வரவில்லை. பள்ளிக்கூடம் தூரமாம், எழில்மதி போவதில்லையாம். ஜீவா காப்பி பறிக்கும்போது அவள் தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாளாம். வெற்றிவேல் இதை டீச்சரிடமும் சொல்லிவிட்டார். எங்கள் பள்ளியில் இப்போது பதினாறு பிள்ளைகள் படிக்கிறார்கள். ஜூலியா டீச்சர் ஓய்வு பெற இன்னும் ஏழு வருடம் இருக்கிறது.