வேங்கைக் கதவு

மகன் கட்டும் வீட்டுக்கு மரம் அறுக்கிறார்கள். துவர்ப்பான அந்த வாசனை வந்ததுமே தெரிந்துவிட்டது, வேங்கை.

அரிமளத்தில் எங்கள் வீட்டுக் கதவும் வேங்கைதான். என்னைப் பெற்ற ஆத்தா வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு இலுப்பெண்ணெய் தடவுவாள். எங்கள் தலைக்கு எண்ணெய் இருக்கிறதோ இல்லையோ, கதவுக்கு உண்டு.

நான் சிறுமியாக இருந்தபோது, ஓர் ஐப்பசி அடைமழையில் ஆத்தா இறந்துபோனாள். ஊரில் காய்ந்த விறகே இல்லை. அய்யனார் கோயில்காட்டில் மட்டும் பட்டமரங்கள் நின்றன. ஆனால் அங்கிருந்து ஒரு சுள்ளிகூட வெளியே வரக் கூடாது என்பது ஊர் வழக்கம்.

"இந்த ஒரு தடவை வெட்டிக்கிருங்க. சாமி ஒண்ணும் சொல்லாது" என்றார் பூசாரி.

"வேணாங்க. அவ இருந்தா சம்மதிக்க மாட்டா" என்ற அப்பா, வீட்டுக்கு வந்து கதவையும் நிலையையும் பெயர்த்தார்.

மழை சற்று ஓய்ந்தபோது, வீட்டிலிருந்த வறட்டியோடு அதையும் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனார்கள். வேங்கை லேசில் பற்றாதே என்று எல்லோருக்கும் பயம்.

திரும்பி வந்த சித்தப்பா சொன்னார்: "வெளக்குத் திரி மாதிரி பத்திக்கிச்சு."

அத்தனை வெள்ளிக்கிழமை எண்ணெயும் அதற்குள் இருந்தது.

"கதவுக்கு வார்னிஷ் அடிச்சிரலாங்களா?" என்று ஆசாரி கேட்கிறார்.

இலுப்பெண்ணெய் போதும் என்றேன்.