பரீட்சை வரும்வரை

சட்டக் கல்லூரியின் கடைசி வருடத்தில், மாணவர்களுக்கான ஓர் உதவித்தொகையில், கொல்கத்தாவின் பெஹாலா பகுதியில் இருந்த இலவசச் சட்ட உதவி மையத்தில் வேலை பார்த்தேன். நானும் தமிழன் என்பதால் மனம்விட்டுப் பேசுவார் என்று, ஒரு தமிழ் அம்மாளை என்னிடம் அனுப்பினார்கள். வீட்டுவேலை செய்பவர். மகன் திருட்டு வழக்கில் விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்தான். நாற்காலியைக் காட்டினாலும் உட்கார மாட்டார். குடையை ஊன்றி நின்றபடியேதான் பேசுவார்.

"நடந்ததைச் சொல்லுங்கம்மா."

"உனக்குப் பரீட்சை எப்போ தம்பி?"

"ஏப்ரல்ல. ஏன்?"

"போன வருசம் ஒரு தீதி, பெங்காலி அக்கா, இருந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு பையன். நல்ல புள்ளைங்கதான். பரீட்சை வந்ததும் போயிட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு நான் மறுபடி மொதல்லேருந்து சொல்லணும்."

சொன்னார். மகனைச் சட்டைகூடப் போடவிடாமல் போலீஸ் இழுத்துப்போன இடத்தில் குரல் நின்றுவிட்டது.

ஜாமீனுக்கு அலைந்தேன், கிடைக்கவில்லை. ஏப்ரலும் வந்துவிட்டது. விடைபெற்றபோது அவர் கோபப்படவில்லை.

"அடுத்து பெங்காலிப் புள்ளையாப் பாத்துப் போடச் சொல்லு தம்பி," என்றார். "அந்த பாஷையில கடகடன்னு சொல்லிடுவேன். நம்ம பாஷையில சொன்னாத்தான் நெஞ்சை அடைக்குது."

குடையை ஊன்றிப் படியிறங்கினார். அவரைத் தமிழில் பேசவைத்தது உதவிதானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.