ஈரம் இல்லை, சூடு

திருப்பதியில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில், உலோகத் தூளை லேசரால் உருக்கிப் பாகங்கள் செய்வோம். அவற்றுக்குள் பொடிப்பொடியாக ஓட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

தூளை உலர்த்தித் தரும் கன்னியம்மா, முன்பு சித்தூர் ஜூஸ் ஃபேக்டரியில் மாங்கூழ் காய்ச்சியவள். "சூடு ஜாஸ்தி மேடம். தீ அதிகமானா கூழுகூட இப்படித்தான் குமிழி வுட்டுகினு இருக்கும்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தூளில்தான் ஈரம், அவள் சரியாக உலர்த்தவில்லை என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். அவளுக்கு வேலை போயிற்று.

சில மாதம் கழித்து, வெளிநாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் அதே தூள் உருகும்போதே எக்ஸ்ரேயில் படம் பிடித்தோம். லேசர் பட்ட இடத்தில் ஆழமாகக் குழி விழுந்தது. குழியின் அடி மூடிக்கொண்டு, குமிழியாக உள்ளேயே தங்கிவிட்டது. லேசரின் சக்தியைக் குறைத்தேன். குமிழியே வரவில்லை. அவ்வளவு சூடு வைத்தது நான்தான்.

ஊர் திரும்பியதும், அவள் மறுபடி வேலைக்குச் சேர்ந்திருந்த அந்த ஜூஸ் ஃபேக்டரிக்கே போய் அவளைப் பார்த்தேன்.

"தப்பு என்னோடதுதான். ஆபீஸ்லயும் எழுதிக் கொடுத்துட்டேன். திரும்பி வாங்க" என்றேன்.

கன்னியம்மா கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்தாள்.

"சரி வுடு. துன்னியா?"

அதுவரை என்னிடம் வாங்க, போங்க என்றே பேசியவள், சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்த ஒருமைக்கு நான் இன்னும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.