பாட்டைப் பற்றி ஒன்பது கேள்விகள்

ஆங்கிலத் தேர்வின் பேச்சுப் பகுதியில் எனக்கு ஒன்பதுக்கு ஏழு வேண்டியிருந்தது. முதல் தடவை ஆறுதான் வந்தது. மேற்படிப்புக்கு இடம் தந்திருந்த வெளிநாட்டுக் கல்லூரி, ஏழுக்குக் குறைந்தால் சேர்க்காது. தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் வேலை. எதையும் பட்டியல் போட்டு டிக் அடித்தே பழக்கம். வரக்கூடிய தலைப்புகளை நோட்டில் எழுதி, சுலபமாக இருக்கும் என்று பாட்டிலிருந்து தொடங்கினேன். அதில் மட்டும் ஒன்பது கேள்விகள்.

முதல் கேள்வி: உங்களுக்குப் பாடப் பிடிக்குமா?

அதிலேயே நின்றுவிட்டேன். பிடிக்கும் என்றாலும் பொய்யாக இருந்தது, பிடிக்காது என்றாலும் பொய்யாக இருந்தது. பயிற்சி மையத்து மேடம் என் குழப்பத்தைப் பொருட்படுத்தவே இல்லை.

"உண்மையான்னு யாரும் செக் பண்ண மாட்டாங்கம்மா. ஷவர்ல பாடுவேன், ஸ்ட்ரெஸ் குறையும்னு சொல்லு. எல்லாரும் அதான் சொல்றாங்க."

பிள்ளையார்பாளையத்தில் நாங்கள் இருப்பது நான்கு குடித்தனம் உள்ள வீடு. எல்லாருக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரே குளியலறை. மேடம் சொன்ன பதிலை அம்மாவிடம் தமிழில் சொல்லிக் காட்டினேன். தறியில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பாத்ரூம்ல பாடுவியா நீ? வெளிய நாலு பேரு பக்கெட்ட வெச்சிக்கினு நிக்கிறாங்க. கதவ ஒடச்சிடுவாங்கமா."

ஆனாலும் அந்தப் பதிலைத்தான் மனப்பாடம் செய்தேன். தறி இருக்கும் கூடத்தைத் தவிர உட்கார இடமில்லை. அம்மா அப்போது கட்டம் போட்ட புடவை நெய்துகொண்டிருந்தாள். இத்தனை இழைக்கு ஒரு நிறம் என்று எண்ணி, அந்தந்த நிற நூல் ஓடும் நாடாவை மாற்ற வேண்டும். எண்ணும்போது உதடு மட்டும் அசையும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டோம். நாடா மாற்றும் இடைவெளியில்தான் சாப்பாடு, சண்டை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம்.

மாதிரித் தேர்வில் மேடம் என் பேச்சைப் பதிவு செய்து போட்டுக் காட்டினார்.

"பாதி வாக்கியத்துல நிக்கிற. நாலு தடவ. வார்த்த வரலியா?"

"வருது மேடம்."

"அப்ப ஏம்மா நிக்கிற?"

எனக்குத் தெரியவில்லை. காரணங்களை எழுதிப் பார்த்தேன்: பயம், மூச்சு, சொல் தேடுவது, தூக்கக் குறைவு. இது இல்லை என்று ஒவ்வொன்றாக அடித்தேன். எதுவும் மிஞ்சவில்லை. மறுநாள் தறியருகே பயிற்சி செய்தபோதுதான் கவனித்தேன். அம்மா நாடாவை மாற்றிவிட்டு எண்ணத் தொடங்கியதும், என் வாய் தானாக மூடிக்கொண்டது.

தெரிந்த பிறகு நிலைமை இன்னும் மோசமானது. வேலைக்குப் போகும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் திரும்பிப் பயிற்சி செய்தேன். அங்கே பேச்சை நிறுத்தவே முடியவில்லை. மூன்று பதில்களை ஒரே மூச்சில் கொட்டினேன். எது சரியான வேகம் என்று பிடிபடவே இல்லை.

தேர்வு சென்னையில். அந்த அறையில் சத்தமே இல்லை. தேர்வு நடத்தியவர் அம்மா வயதுடைய பெண். என் பட்டியலில் இருந்தபடியே, பாடப் பிடிக்குமா என்றுதான் தொடங்கினார். ஷவர் பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொன்னது வேறு: நான் பாடுவதில்லை, எங்கள் வீட்டில் யாருமே பாடுவதில்லை, பாடினால் அம்மாவுக்கு எண்ணிக்கை தவறிவிடும், தவறினால் நெய்ததைப் பிரிக்க வேண்டும்.

"அப்படியென்றால் பாடக் கூடாது என்று தடையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

என் ஒன்பது கேள்விகளில் இது இல்லை. யாரும் என்னைத் தடுத்ததில்லை. நானும் முயன்றதில்லை. ஆமாம், இல்லை இரண்டையும் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு, "தெரியவில்லை, இதுவரை யோசித்ததே இல்லை," என்றேன். அவர் தலையசைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போனார். போச்சு என்று நினைத்துக்கொண்டுதான் வெளியே வந்தேன்.

ஏழு வந்தது. போனில் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினேன்.

"எது நல்லா சொன்னன்னு போட்டுக்கிதா?"

"இல்லமா. நம்பர் மட்டும்தான்."

"பொடவையில தப்பு இருந்தா கடக்காரரு சாக்பீஸால வட்டம் போட்டுக் காட்றாரே. இவங்க காட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்கமா."

"அப்ப எதுக்குக் குடுத்தாங்கன்னே தெரியாம போவப் போறியா?"

"ஆமாமா," என்றேன். கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய படிவத்தைத் திறந்து, பேச்சு என்ற கட்டத்தில் ஏழு என்று நிரப்பினேன்.