நான்காவது ஏன்

எங்கள் ஓசூர் தொழிற்சாலையில் எது கெட்டாலும் ஐந்து முறை ‘ஏன்’ என்று கேட்டு வெள்ளைப் பலகையில் பதில் எழுதுவார்கள். மிஷின் நின்றாலும் சரி, கேன்டீன் சாம்பாரில் பல்லி விழுந்தாலும் சரி. ஐந்தாவது பதில் எப்போதும் ஒன்றுதான்: தொழிலாளியின் கவனக்குறைவு.

செல்போனில் டார்ச் இருப்பதே பெருமையாக இருந்த அந்த வருடங்களில், பலகையில் நானும் ஏறினேன். மலேசியாவில் காட்டோரம் இருந்த ஓர் ஆலைக்கு எங்கள் மிஷினைப் பொருத்த இரண்டு மாதம் போயிருந்தேன். பெர்மனென்ட் ஆகாதவர்களைத்தான் அங்கெல்லாம் அனுப்புவார்கள். முடியாது என்று சொல்ல எங்களுக்கு வாய் கிடையாது. திரும்பிய வாரமே காய்ச்சல். தினமும் ஒரு முறை கட்டிலே ஆடும் அளவுக்குக் குளிர். பெங்களூர் டாக்டர் ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சோதித்துவிட்டு, “இது குரங்குக்கு வர்ற மலேரியா. குரங்கைக் கடிச்ச கொசு உங்களையும் கடிச்சிருக்கு. அந்தப் பக்கம் இப்ப மனுஷங்களுக்கும் அதிகமா வருது” என்றார்.

பிழைத்து வேலைக்கு வந்தால் கேன்டீனில் தடபுடலான மரியாதை. என் மேசைக்கு யாரும் வரவில்லை. ஒருவர் தூரத்தில் நின்றபடி வாழைப்பழம் நீட்டினார். என்னோடு வேலைக்குச் சேர்ந்த தொரப்பள்ளிக்காரன் மட்டும் எதிரில் உட்கார்ந்து, என் தட்டிலிருந்தே அப்பளத்தை எடுத்துக் கடித்தான்.

“வால் மொளச்சா சொல்லுடா. பேன்ட் தெக்கறவன் நமக்குத் தெரிஞ்சவன்தான்.”

அடுத்து அந்த ஆலைக்குப் போக வேண்டியவன் அவன்.

மேனேஜர் பலகை முன் நின்றார். ஏன் காய்ச்சல்? கிருமி. ஏன் கிருமி? கொசுக்கடி. ஏன் கடித்தது? இருட்டும் நேரத்தில் வெளியே வேலை. நான்காவது ஏன்: எதற்காக அந்த நேரத்தில் வேலை?

“நீங்கதான் சார் போன்ல சொன்னீங்க, இருட்டினாலும் முடிச்சிட்டுத்தான் போகணும்னு.”

மார்க்கர் நின்றது. மூன்றாவது பதிலைத் துடைத்துவிட்டு, ‘குரங்கு நடமாடும் இடத்தில் நின்றான்’ என்று எழுதினார். பிறகு எல்லாம் சுலபம். ஏன் நின்றான்? குரங்கைப் பற்றி அறியவில்லை. ஏன் அறியவில்லை? கவனக்குறைவு. தீர்வு: வெளிநாடு செல்வோருக்குக் குரங்குப் பயிற்சி.

“கையெழுத்து போடுப்பா. உன் பெர்மனென்ட் ஆர்டர் என் மேசையிலதான் இருக்கு.”

இருட்டு வேலை நிற்காது, அடுத்த கடி தொரப்பள்ளிக்காரனுக்குத்தான் என்று தெரிந்தே போட்டேன்.

அவனுக்கு அரை நாள் பயிற்சி. ஊருக்கு வெளியே சானமாவுக் காட்டுப் பக்கம் யானை வந்தால் என்ன செய்வது என்று வகுப்பெடுத்த அதே அதிகாரி, படத்தில் யானையை எடுத்துவிட்டுக் குரங்கை வைத்திருந்தார். கண்ணைப் பார்க்கக் கூடாது, கையில் தின்பண்டம் கூடாது. முடிவில் சான்றிதழ். நான் பஸ் ஸ்டாண்டில் ஒரு கொசுவலை வாங்கிக் கொடுத்தேன். அதைப் போர்த்திக்கொண்டு போல்ட் முடுக்க முடியாது என்பது எனக்குத் தெரியாதா?

மூன்றாவது வாரம் போன் வந்தது.

“டேய், ஒரு கொரங்குகூடக் கிட்ட வரல. ட்ரெய்னிங்குனா இதான் ட்ரெய்னிங். ஆனா குளுரு தூக்கித் தூக்கிப் போடுதுடா.”

“வேலை எப்ப முடியுது?”

“இருட்டனாலும் வுட மாட்டேங்கறாங்க. உனக்குத் தெரியாததா?”

அவன் ஊர் திரும்புவதற்குள் பலகை தயார். இப்போது நான் பெர்மனென்ட். மார்க்கர் என் கையில். நான்காவது ஏனுக்கு வந்தபோது மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். ‘குரங்குப் பயிற்சி போதவில்லை’ என்று எழுதினேன்.

இளைத்துப் போய் அவன் கேன்டீனுக்கு வந்த அன்று, நான் வேறு ஷிஃப்டில் இருந்தேன். நானாகக் கேட்டு வாங்கிய ஷிஃப்ட்.